முதல் ரைபிளுக்குப் பொதுவான ஸ்கோப் எது? சிறிய எண்ணைப் பார்த்து வாங்குங்கள்

டெக்சாஸில் வசிக்கும் அன்பர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். அவருக்கு வயது 46. முதன்முறையாக .308 வின்செஸ்டர் தோட்டாவைச் சுடும் போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் ஒன்றை வாங்கியிருக்கிறார். இலையுதிர் காலத்தில், டெக்சாஸின் நடுவிலுள்ள குன்றுப் பகுதியான ஹில் கன்ட்ரிப் பக்கம் வெண்வால் மான் வேட்டைக்குப் போக வேண்டும். மற்ற நாட்களில் 100 முதல் 300 கெஜம் வரை காகித இலக்கில் சுட்டுப் பழக வேண்டும். ஸ்கோப்புக்கென்று, அதாவது ரைபிளின் மேல் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கிக்கென்று, 500 டாலர் ஒதுக்கியிருக்கிறார். கடைக்காரரின் பேச்சைக் கேட்டு 6-24×50 ஸ்கோப் ஒன்றை வாங்கிப் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கிறார். நண்பரோ, உருப்பெருக்காமல் சிவப்பு ஒளிப்புள்ளியை மட்டும் காட்டும் ரெட் டாட் ஒன்றே போதும் என்கிறார். காணொளிகளில் பேசுபவர்கள், ஒரு மடங்கிலிருந்து எட்டு மடங்கு வரை மாற்றக்கூடிய 1-8 வகைதான் இனி எல்லாவற்றுக்கும் என்கிறார்கள். பொதுவாக எதற்கும் உதவும் ஒன்றைச் சொல்லுங்கள் என்பது அவர் வேண்டுகோள்.

எல்லா வேலையையும் சிறப்பாகச் செய்யும் ஸ்கோப் எதுவும் கிடையாது. ஆகவே, எந்த வேலையில் எவ்வளவு விட்டுக்கொடுத்தால் பின்னால் வருந்த நேராது என்பதே அவர் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன். கல்லூரி நாட்களில் தேசிய மாணவர் படையில் .22 ரைபிளின் இரும்புக் குறிகளோடு சுடக் கற்றுக்கொண்டவன் நான். அமெரிக்கா வந்தபின் பதினைந்து ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் ஒரு சுடுதளத்தில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். புதிதாக வருபவர்களின் ஸ்கோப்பைப் பொருத்தி ஜீரோ செய்துகொடுப்பதே, அதாவது குறிவைத்த இடத்தில் தோட்டா விழும்படி சரிசெய்வதே, அங்கு என் பெரும்பாலான வேலை. கீழே எழுதுவதில் கணக்கும் ஒளியியலும் சார்ந்தவை உறுதியானவை. எந்த விலையில் எது உழைக்கும் என்பது போன்றவை என் கைப்பட்ட அனுபவம் மட்டுமே. அவற்றை அந்த இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

ஸ்கோப்பின் மேல் எழுதியிருக்கும் 6-24×50 என்பதன் பொருள், உருப்பெருக்கத்தை 6 மடங்கிலிருந்து 24 மடங்கு வரை மாற்றலாம், முன்பக்க வில்லையின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்பதாகும். கடையில் நிற்கும்போது எல்லோருடைய கண்ணும் 24 என்ற எண்ணின் மேல்தான் போகிறது. ஆனால் பொதுப் பயன்பாட்டுக்கு வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது இடப்பக்கத்தில் இருக்கும் சிறிய எண்ணைத்தான். உருப்பெருக்கம் கூடும்போது கண்ணுக்குத் தெரியும் காட்சியின் அகலம் அதே விகிதத்தில் சுருங்குகிறது. சாதாரண 3-9×40 ஸ்கோப்பை 3 மடங்கில் வைத்தால் 100 கெஜத்தில் ஏறக்குறைய 33 அடி அகலம் தெரியும். 6-24 வகையை அதன் மிகக் குறைந்த 6 மடங்கில் வைத்தாலும் சுமார் 17 அடிதான் தெரியும். அதையே 40 கெஜத்துக்குக் குறைத்துப் பாருங்கள்: முன்னதில் 13 அடி, பின்னதில் 7 அடி. ஹில் கன்ட்ரியில் பரணிலோ மறைவிடத்திலோ உட்கார்ந்திருப்பவருக்கு மான் பெரும்பாலும் 150 கெஜத்துக்குள்தான் வரும். சில நேரம் நாற்பது கெஜத்தில் கருவேலப் புதரை விலக்கிக்கொண்டு வந்து நிற்கும். அப்போது அந்த 7 அடி வட்டத்துக்குள் வெறும் பழுப்பு ரோமம்தான் தெரியும். அது தோளா தொடையா என்று தேடுவதற்குள் மான் போய்விடும். போய்விட்டால்கூடப் பரவாயில்லை. தவறான இடத்தில் அடிபட்டு ஓடினால் அது அந்த உயிருக்குச் செய்யும் கொடுமை. தொலைவில் உருப்பெருக்கம் போதாமல் மானைத் தவறவிட்டவர்களை நான் அதிகம் கண்டதில்லை. அருகில் உருப்பெருக்கம் கூடிப்போய்த் தவறவிட்டவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் சுடுதளத்துக்கு வந்து அதைச் சொல்கிறார்கள்.

அப்படியானால் 300 கெஜத்துக்கு எவ்வளவு தேவை? வெண்வால் மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதியை 8 அங்குல வட்டமாகக் கொள்வது வேட்டைக்காரர்களிடையே வழக்கம். 9 மடங்கு ஸ்கோப்பில் 300 கெஜத் தொலைவிலுள்ள அந்த வட்டம், வெறுங்கண்ணுக்கு 33 கெஜத்தில் தெரியும் அளவுக்குத் தெரியும். ஒரு தலைமுறைக்கு முன்பு வரை எத்தனையோ பேர் மாறாத 4 மடங்கு ஸ்கோப்பை வைத்துக்கொண்டே ஆயுள் முழுவதும் வேட்டையாடியிருக்கிறார்கள். 24 மடங்கு என்பது, ஓரங்குலத்துக்கும் குறைந்த வட்டத்துக்குள் ஐந்து தோட்டாக்களைச் சேர்க்க முயல்பவருக்கும், 600 கெஜத்துக்கு அப்பால் சுடுபவருக்கும் உரியது. அந்த உருப்பெருக்கத்தில் வெயில் நேரத்துக் கானல் அலையும், உங்கள் நெஞ்சுத் துடிப்பும் சேர்ந்து பெரிதாகின்றன. புதியவர் அந்த ஆட்டத்தைக் கண்டு அஞ்சி, குறி ஒரு நொடி நிலைக்கும்போது விசையைச் சட்டென்று இழுத்துவிடுவார். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் அதைப் போக்கப் பல மாதம் ஆகும்.

அடுத்தது வெளிச்சம். டெக்சாஸில் மான் வேட்டைக்குச் சட்டம் அனுமதிக்கும் நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு தொடங்கி, அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு முடிகிறது. மான்கள் அதிகம் நடமாடுவதும் அந்த விளிம்பு நேரங்களில்தான். முன் வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40 மில்லிமீட்டரை 9-ஆல் வகுத்தால் 4.4, 6 மடங்குக்குக் குறைத்தால் 6.7, 50-ஐ 24-ஆல் வகுத்தால் 2.1 மட்டுமே. இளமையில் இருட்டில் 7 மில்லிமீட்டர் வரை விரியும் கண்பாவை, வயது ஏற ஏற 5 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்குவது இயல்பு. கண்பாவையைவிட அகலமான கற்றையால் கூடுதல் வெளிச்சம் எதுவும் உள்ளே போகாது. குறுகலான கற்றை வந்தால் காட்சி மங்கும். ஆகவே நாற்பத்தாறு வயதுக்காரருக்கு 40 மில்லிமீட்டர் வில்லையும் அந்தி நேரத்தில் 6 முதல் 8 மடங்கும் நன்றாகப் பொருந்தும். நியாயத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும்: நீங்கள் வாங்கி வைத்திருக்கும் ஸ்கோப்பையும் 6 மடங்குக்கு இறக்கினால் அந்தியில் காட்சி மங்காது. அதன் குறைகள் குறுகிய பார்வைப் பரப்பும் எடையும்தான். சராசரி 3-9×40 ஏறக்குறைய 350 கிராம் இருக்க, 6-24×50 வகை 650 கிராமைத் தொடுகிறது. மலைச்சரிவில் அரை நாள் தோளில் சுமந்தால் அந்த வித்தியாசம் புரியும்.

குழாயின் விட்டம் 30 மில்லிமீட்டராக இருந்தால் வெளிச்சம் கூடும் என்று சிலர் விற்பார்கள்; அது தவறு. குழாய் பருத்தால் உள்ளே குறியை ஏற்றி இறக்கக் கூடுதல் இடம் கிடைக்கும், அவ்வளவே. வெளிச்சத்தைத் தீர்மானிப்பதில் பூச்சுக்குப் பெரும் பங்கு உண்டு. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 விழுக்காடு ஒளியைத் திருப்பிவிடுகிறது. பத்துப் பரப்புகளைக் கடந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 1935-ல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சைக் கண்டுபிடித்த பிறகுதான் பல வில்லைகள் கொண்ட கருவிகள் இன்றைய தெளிவைப் பெற்றன. எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு இருக்கிறதா என்று தாளில் பாருங்கள். நைட்ரஜன் நிரப்பிப் பனி படியாமல் அடைத்திருப்பது இன்று இந்த விலையில் அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு; லியுபோல்ட் நிறுவனம் 1947-ல் அதைக் கொண்டுவந்தபோது அது பெரும் புதுமை.

.308 வைத்திருப்பவர் கவனிக்க வேண்டிய, விளம்பரத்தில் பெரிதாகப் போடாத ஓர் அளவு உண்டு: கண்ணுக்கும் பின் வில்லைக்கும் இடையே இருக்க வேண்டிய தொலைவு. மூன்றரை முதல் நான்கு அங்குலம் இருப்பது நல்லது. உருப்பெருக்கத்தை ஏற்றும்போது பல ஸ்கோப்புகளில் இந்தத் தொலைவு சுருங்குவதால், இரண்டு முனைகளிலும் எவ்வளவு என்று கேளுங்கள். போதிய இடைவெளி இல்லையென்றால் பின்னுதைப்பில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் பிறை வடிவில் வெட்டிவிடும். மேல்நோக்கிச் சுடும்போதும், மண்ணில் படுத்துச் சுடும்போதும் தலை தானாக முன்னே நகரும் என்பதால் கடை மேசையில் நின்று பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடுதான் சோதிக்க வேண்டும்.

கண்ணாடி என்றதும் ரெட் டாட் பற்றிச் சொல்ல வேண்டியதாகிறது, ஏனெனில் தம் கண்ணாடிச் சீட்டில் 'சிலிண்டர் பவர்' (ஒளி கண்ணுக்குள் ஒரே புள்ளியில் குவியாத குறைக்கான திருத்தம்) இருப்பதாகவும் அன்பர் எழுதியிருக்கிறார். ஸ்வீடனின் எய்ம்பாயின்ட் 1975-ல் முதல் மின்னணு ரெட் டாட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உருப்பெருக்கம் இல்லை, கண்ணை எங்கே வைத்தாலும் ஏறக்குறையப் புள்ளி இலக்கின் மேலேயே இருக்கும், இரு கண்ணையும் திறந்து சுடலாம். 75 கெஜத்துக்குள் ஓடும் காட்டுப்பன்றிக்கு அதைவிட வேகமான கருவி இல்லை. ஆனால் சிலிண்டர் பவர் உள்ள கண்ணுக்கு அந்தப் புள்ளி புள்ளியாகத் தெரியாது. வால் நீண்ட நட்சத்திரமாகவோ திராட்சைக் கொத்தாகவோ சிதறித் தெரியும். சோதிப்பது எளிது: கைப்பேசிக் கேமரா வழியாக அந்தப் புள்ளியைப் பாருங்கள், கேமராவில் வட்டமாகவும் கண்ணுக்குச் சிதறியும் தெரிந்தால் குறை கருவியில் இல்லை. சரியான மூக்குக் கண்ணாடி அணிந்தால் பலருக்கு இது குறையும், சிலருக்குக் குறையாது. அதோடு 300 கெஜத்தில் 2 எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. ஒரு கோண அளவு, 100 கெஜத்தில் ஏறக்குறைய ஓரங்குலம்) புள்ளி ஆறங்குலத்தை மறைத்துவிடும். எட்டங்குல இலக்கில் ஆறங்குலத்தை மறைத்துக்கொண்டு சுடுவது இந்த வேட்டைக்கு உகந்ததல்ல. உருப்பெருக்கத்துக்காகப் பின்னால் சேர்க்கும் மேக்னிஃபையர் இலக்கோடு அந்தப் புள்ளியையும் சேர்த்தே பெரிதாக்கும். ஆகவே நண்பரின் யோசனையை உங்கள் விஷயத்தில் நான் ஏற்கவில்லை.

1-6, 1-8 போன்ற வகைகளின் புகழுக்குப் பின்னால் படைகளின் தேர்வு இருக்கிறது. அமெரிக்க மரைன் படை நீண்ட காலம் டிரிஜிகானின் 4 மடங்கு ஏகாக் கருவியைப் பயன்படுத்திவிட்டு, 2020-ல் அதே நிறுவனத்தின் 1-8×28 ஸ்கோப்பைத் தேர்ந்தெடுத்தது. 2022-ல் தரைப்படை வோர்டெக்ஸிடமிருந்து 1-8×30 அடிப்படையில் அமைந்த, தொலைவை அளந்து கணக்கிடும் கருவியைப் பெற முடிவு செய்தது. ஓர் அறைக்குள் நுழையும் வீரருக்கு ஒரு மடங்கும், தெருமுனையைக் கவனிக்கும் அதே வீரருக்கு எட்டு மடங்கும் தேவைப்படுவதால் அந்தத் தேர்வுகளுக்குப் பொருள் உண்டு. உங்கள் வேலை வேறு. 24 மில்லிமீட்டர் முன் வில்லையுள்ள 1-8-ஐ எட்டில் வைத்தால் ஒளிக்கற்றை 3 மில்லிமீட்டர்தான். அந்தி நேரத்தில் 3-9×40 அதை எளிதில் மிஞ்சும். மேலும் ஒரு மடங்கிலிருந்து எட்டு வரை நீளும் ஒளியியலைக் குறைந்த விலையில் நன்றாகச் செய்வது கடினம். 500 டாலருக்குள் நான் பார்த்த 1-8 வகைகளில் பல, எட்டு மடங்கில் ஓரங்களில் மங்கின. இது என் கண்ணால் கண்ட அனுபவமே தவிர, அளந்த கணக்கல்ல. ஏ.ஆர்.-15 வகை ரைபிளை அருகிலும் நடுத்தொலைவிலும் மாறி மாறிப் பயன்படுத்துபவர் கேட்டிருந்தால் நானே 1-6-ஐச் சொல்லியிருப்பேன்.

ஸ்கோப்புக்குள் குறியாகத் தெரியும் குறுக்குக்கம்பியை அதிகம் யோசிக்க வேண்டாம். ஓரங்களில் தடித்து நடுவில் மெலியும் எளிய டூப்ளெக்ஸ் வகையே அந்தி நேரத்தில் கண்ணில் சட்டென்று படும். முதல் குவியத் தளத்தில், அதாவது உருப்பெருக்கத்தை மாற்றும் வில்லைகளுக்கு முன்னால், கம்பி இருந்தால் உருப்பெருக்கத்தோடு அதுவும் பெரிதாகும். அதில் உள்ள அளவுகோடுகள் எந்த மடங்கிலும் சரியாக இருக்கும், ஆனால் மடங்கைக் குறைத்தால் கம்பி நூலிழையாகிவிடும். அவற்றுக்குப் பின்னால், இரண்டாம் குவியத் தளத்தில் இருந்தால் கம்பி மாறாது. அளவுகோடுகள் ஒரே ஒரு மடங்கில்தான் சரியாக இருக்கும். 300 கெஜத்துக்குள் கோடுகளை எண்ணிச் சுடத் தேவையில்லாததால் உங்களுக்கு இரண்டாவதே போதும், விலையும் குறைவு. எம்.ஓ.ஏ., மில் என்ற இரண்டு கோண அளவுகளில் எதை எடுத்தாலும் சரிதான். கம்பியும், குறியை நகர்த்தத் திருகும் குமிழும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஒரு எம்.ஓ.ஏ. என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு, 100 கெஜத்தில் 1.047 அங்குலம். அங்குலமும் கெஜமும் புழங்கும் சுடுதளத்தில் அது மனக்கணக்குக்கு எளிது.

கண் நகர்ந்தால் கம்பி இலக்கின் மேல் இடம் மாறித் தெரியும் இடமாறு தோற்றப் பிழையைப் பற்றிய அச்சமும் அளவுக்கு மீறியது. பக்கவாட்டில் அதைச் சரிசெய்யும் குமிழ் இல்லாத வேட்டை ஸ்கோப்புகள் பல, 100 கெஜத்துக்கென்று ஆலையிலேயே அமைக்கப்பட்டவை. 40 மில்லிமீட்டர் வில்லையில், கண்ணை முழுவதும் ஓரத்துக்கு நகர்த்தினாலும் 200 கெஜத்தில் அதனால் வரக்கூடிய அதிகபட்சப் பிழை 20 மில்லிமீட்டர், 300 கெஜத்தில் 40. கன்னத்தைக் கட்டையில் ஒழுங்காகப் பதித்தால் அதிலும் சிறு பகுதிதான் வரும். அந்தக் குமிழுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவே என் பரிந்துரை 3-9×40, அல்லது சற்றுக் கூடுதல் விலையில் 2-10 அல்லது 2.5-10 வகை. லியுபோல்ட், வோர்டெக்ஸ், பர்ரிஸ் ஆகிய மூன்றும் இந்த வரிசையில் பல காலமாகச் செய்துவருகின்றன. மூன்றையும் மாலை நேரத்தில் கடை வாசலுக்கு எடுத்துவந்து, எதிரிலுள்ள மரநிழலைப் பார்த்து உங்கள் கண்ணுக்கு எது தெளிவு என்று முடிவு செய்யுங்கள். இவற்றில் எது நீண்ட நாள் உழைக்கும் என்று நான் தரவரிசை போட மாட்டேன். ஒரே மாடலில் ஒன்று பத்தாண்டு உழைத்ததையும் இன்னொன்று இருபதாம் தோட்டாவில் குறி தவறியதையும் பார்த்திருக்கிறேன்; நாலைந்தைப் பார்த்துவிட்டு ஒரு நிறுவனத்தைப் பற்றித் தீர்ப்பு சொல்வது நேர்மையாகாது. இரவில் பன்றி வேட்டைக்கு வெப்பப் படக் கருவி வேண்டும். அது தனிச் செலவு, தனிக் கல்வி. இந்த ஒரு ஸ்கோப்பிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

500 டாலரையும் ஸ்கோப்பிலேயே கொட்டிவிடாதீர்கள். 350-க்குள் ஸ்கோப்பை முடித்து, மீதியில், ஸ்கோப்பை ரைபிளில் பிடித்து நிறுத்தும் நல்ல அடித்தளமும் ரிங்குகளும், திருகுவிசை அளக்கும் சாவியும் வாங்குங்கள். "ஸ்கோப் கெட்டுவிட்டது" என்று என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை திருகு தளர்ந்தவையாகவோ, அளவுக்கு மீறி முறுக்கிக் குழாய் நசுங்கியவையாகவோதான் இருந்தன. பல தயாரிப்பாளர்கள் ரிங் திருகுக்கு 15 முதல் 18 அங்குல-பவுண்டு வரை சொல்கிறார்கள். உங்கள் ரிங்கோடு வரும் தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கம்பி செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க, கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டு நூலை 25 கெஜத்தில் தொங்கவிட்டு அதோடு ஒப்பிடுங்கள். இதற்கென்று விற்கும் கருவிகளை நான் வாங்கியதே இல்லை.

ஜீரோ செய்வதை 25 கெஜத்தில் தொடங்குங்கள். குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைக் கழற்றி, குழல் வழியாக இலக்கைப் பார்த்து, ஸ்கோப்பின் கம்பியை அதே இடத்துக்குக் கொண்டுவந்தால் முதல் தோட்டாவே காகிதத்தில் விழும். குமிழைத் திருகும்போது எழும் கால் எம்.ஓ.ஏ. கிளிக் ஒன்று 100 கெஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும். 25 கெஜத்தில் அது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குதான். இரண்டு அங்குலம் கீழே விழுந்தால் 100 கெஜத்தில் 8 கிளிக், 25 கெஜத்தில் 32 கிளிக். இதை மறந்து பாதிப் பெட்டித் தோட்டாவை வீணாக்குபவர்கள் பலர். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் மூன்று தோட்டா சுட்டு அவற்றின் நடுவைப் பாருங்கள். ஒற்றைத் தோட்டாவைத் துரத்த வேண்டாம். 150 கிரெய்ன் எடையுள்ள வேட்டைத் தோட்டாவை 100 கெஜத்தில் ஏறக்குறைய இரண்டு அங்குலம் மேலே விழும்படி வைத்தால் 200 கெஜத்தில் ஜீரோவாகும், 300-ல் எட்டு அங்குலம் அளவுக்கு இறங்கும். இவை தோராயம், உங்கள் ரைபிளில், உங்கள் தோட்டாவில் எவ்வளவு என்பதை 300 கெஜத்தில் சுட்டுப் பார்த்து எழுதி வைக்காமல் அந்தத் தொலைவில் மானைக் குறிவைக்காதீர்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். புதருக்குள் அசைவது என்ன என்று பார்க்க ஸ்கோப்பைப் பயன்படுத்தாதீர்கள். ஸ்கோப் எதைப் பார்க்கிறதோ அதை நோக்கியே குழலும் நிற்கிறது. அசைந்தது மனிதராக இருந்தால், தோட்டா ஏற்றிய ரைபிளை அவர் நெஞ்சுக்கு நேராக நீட்டியிருக்கிறீர்கள். கழுத்தில் 8×42 இருகண் நோக்கி ஒன்று தொங்கட்டும். இந்த ஆண்டு இரண்டுக்கும் பணம் போதாது என்றால், ஸ்கோப்பில் நூறு டாலரைக் குறைத்தாவது அதை வாங்குங்கள்.

கைவசம் இருக்கும் 6-24×50 மோசமான கருவி அல்ல, உங்கள் வேலைக்கு உரியதல்ல, அவ்வளவுதான். முப்பது நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று கடை ரசீதில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ரிங்கில் ஒருமுறை இறுக்கிவிட்டால் குழாயில் தடம் விழும், பிறகு புதிது என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகையால் அதைப் பொருத்திப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, பிரிக்காத பெட்டியோடு இந்த வாரமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.